ஆயிரத்து இருநூறு காப்பிப் பழம்

ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்கிற இடத்தில், மிளகும் கிராம்பும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் சின்னசாமியின் டிசைன் ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலை பத்து மணிக்குப் பிரபாகர் பெரிய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, பெரிய படத்தின் ஃபைலை இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவான். அவன் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். படம் திறக்க முப்பத்தைந்து நிமிடம் ஆகும். பனிமூட்டமோ மழையோ, ஆறு வருஷமாக அந்த முப்பத்தைந்து நிமிடமும் எதிர்வாடை டீக்கடையில்தான் கழிந்தது.

படம் என்றால் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. காப்பிப் பழத்தைக் கழுவி, தோலை உரித்து, கொட்டையை உலர்த்துகிற எந்திர வரிசை மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு உறுப்பாகச் செய்து, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தியிருந்த அசெம்பிளி. பதினெட்டாயிரம் உறுப்புகள். எந்த எஸ்டேட் கேட்டாலும் அதில்தான் அளவை மாற்றி டிராயிங் எடுப்பார்கள். குப்பனூரில் அடிவாரத்தில் இருக்கிற பட்டறை அந்த டிராயிங்கையும் பார்ட்ஸ் லிஸ்டையும் பார்த்து வெட்டி, கடைந்து, லாரியில் மேலே ஏற்றிவிடும்.

அந்தப் படத்தைச் செய்தவன் பிரபாகர். தலைச்சோலைக்காரன். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வேலையையே பெரிய உத்தியோகம் என்று பேசிக்கொள்கிற ஊரிலிருந்து கீழே சேலம் போய் டிப்ளமோ படித்துவிட்டுத் திரும்பியவன். நாற்பத்து மூன்று வயது. அந்த ஃபைல் எங்கே சுணங்கும், எதைத் தொட்டால் கம்ப்யூட்டர் ஹேங் ஆகும், எதைத் தொடாமல் ஓரமாகச் சுற்றிப் போகவேண்டும் என்பதெல்லாம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் அதைத் திறக்கவே பயப்படுவார்கள். அந்தப் பயத்தில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது என்று சொன்னால் அவன் மறுப்பான். மறுக்கட்டும்.

டீக்கடையிலும் அவன் சும்மா இருக்கமாட்டான். அன்றைக்குப் பட்டறைக்குப் போகவேண்டிய பார்ட்ஸ் லிஸ்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, வரிவரியாக உரக்கப் படிப்பான். தகடு நாலு, உருளை ஒன்று, போல்ட் முப்பத்திரண்டு என்று போகும். பக்கத்தில் இருப்பவர்கள் வடையைத் தின்றுகொண்டே கேட்பார்கள். நடுவில் யாராவது, அந்த மூடிக்கு வாஷர் சொல்லலையே என்பார்கள். பிரபாகர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வான். அது வேலையா பொழுதுபோக்கா என்று யாரும் யோசித்ததில்லை. ஆறு வருஷத்தில் பட்டறையிலிருந்து ஒரு லாரிகூடச் சாமான் குறைவாக மலையேறியதில்லை.

ஆகஸ்டு மாதம் சுதாராணி வந்து சேர்ந்தாள்.

முப்பத்து நாலு வயது. ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷம் இதே வேலை பார்த்தவள். கணவருக்கு ஏற்காட்டில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை மாற்றலாகி வர, இவளும் மலையேறிவிட்டாள். முதல் நாள் பத்து மணிக்கு எல்லோரும் எழுந்தபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் டீக்கு வரவில்லை. பிரபாகர் திரும்பி வந்தபோது அவள் பெரிய கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டு, திரையில் ஊர்ந்து போகிற நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரியாதவர்கள் சமையலறைக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"ஏனுங்ணா, இது எப்பவும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டாள்.

பெரிய அசெம்பிளி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பிரபாகர் பெருமையோடு சொன்னான். அவள் தலையாட்டினாள். ஒரு வாரம் கழித்து, அவனிடமே அனுமதி கேட்டு, ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். அனுமதி கேட்டதுதான் பின்னால் அவனை அதிகம் எரித்தது. கேட்காமல் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவள் கண்டுபிடித்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவனிடமே வந்து கேட்டாள். ஒவ்வொரு போல்ட்டிலும் மரையை உண்மையிலேயே சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருக்கிறதே, வேண்டுமா? மோட்டாரை அதைச் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து அப்படியே இறக்கிப் போட்டதில், உள்ளே பேரிங் குண்டுகள்வரை இருக்கின்றனவே, அந்தக் குண்டுகளை யாராவது பார்க்கப்போகிறார்களா? எல்லா உறுப்பையும் ஒரே மட்டத்தில் ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருப்பதால், ஒன்றை நகர்த்தினால் பதினெட்டாயிரமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறதே, பிரித்துச் சின்னச்சின்னக் கூட்டமாக்கிவிடலாமா? ஃபைல் இன்னும் பழைய சர்வரிலிருந்து ஒயர் வழியே வருகிறதே, காலையில் ஒருமுறை கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொண்டு வேலை முடிந்ததும் திருப்பி ஏற்றினால் என்ன?

எல்லாம் நியாயமான கேள்விகள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிவைத்தான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மேல்தொட்டிக்குள்ள ஆயிரத்து இருநூறு காப்பிப் பழம் கெடக்குதுங்ணா. அது எதுக்குங்க?"

ஆபீசில் ஒருவர் சிரித்துவிட்டார். பிரபாகருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தப் பழங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் முதல் எஸ்டேட் முதலாளிக்குப் படத்தைக் காட்டவேண்டியிருந்தபோது, வெறும் தொட்டி பொக்கென்று இருப்பதாகப் பிரபாகருக்குப் பட்டது. தலைச்சோலையில் பழத்துக்கு நடுவே பிறந்தவன் அல்லவா. ஒரு பழம் செய்தான். காம்புப் பள்ளம், நுனியில் சின்ன வட்டம், ஒருபக்கம் செந்நிறம் தூக்கலாக. அதையே நகலெடுக்காமல் ஏழு தினுசாகச் செய்தான், ஏனென்றால் ஒரு செடியில் எந்தப் பழமும் இன்னொன்றைப் போல இராது. ஆயிரத்து இருநூறு பழத்தையும் தொட்டியில் குவித்தான். முதலாளி திரையைத் தொட்டுப் பார்த்தார். ஆர்டர் கிடைத்தது. சின்னசாமி அன்றைக்குப் பிரபாகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பழங்களை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த ஆயிரத்து இருநூறு பழமும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டுதான் இருந்தன.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், பத்து மணிக்கு, சுதாராணி தன் நகலைத் திறந்து காட்டினாள். சின்னசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. படம் முழுசாக எழுந்து நின்றது. சுழற்றினாள், சுழன்றது. உருளையை இழுத்தாள், வந்தது. ஒரே ஃபைலுக்குள் இரண்டு நிலை வைத்திருந்தாள். ஒன்று முழுசு, போல்ட்டிலிருந்து ஊசிவரை எல்லாம் இருக்கும். இன்னொன்று லேசு, அதில் சின்ன உறுப்பெல்லாம் தூங்கும், எந்திரம் மட்டும் நிற்கும். வரைவதற்கு லேசு போதும், பார்ட்ஸ் லிஸ்டுக்கு மட்டும் முழுசைக் காட்டவேண்டும் என்று விளக்கினாள். தொட்டி காலியாக இருந்தது.

சின்னசாமி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. மற்றவர்கள் கைதட்டினார்கள். பிரபாகரும் தட்டினான். கை தட்டிக்கொண்டிருக்கும்போதே, கரண்ட் போகாதா, அது தொங்கி நிற்காதா என்று மனசு வேண்டிக்கொண்டிருந்தது. ஏற்காட்டில் அற்பத் தூறலுக்கே போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவே இல்லை.

அதோடு டீ நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தவேண்டும் என்று நிறுத்தவில்லை. எழுந்து போக ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான். பத்து மணிக்குப் பிரபாகர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினால் எல்லோரும் தலைகுனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் தனியாகப் போய்க் குடித்தான். லிஸ்டை யாருக்குப் படிப்பது? மூன்றாம் நாள் அவனும் போகவில்லை.

அடுத்த வாரம் சின்னசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தார். பெரிய கம்ப்யூட்டரில் சுதாராணி உட்காரட்டும், ஃபைலைச் சீராக்குகிற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, பிரபாகர் ஜன்னலோர கம்ப்யூட்டரில் டிராயிங் பார்த்தால் போதும் என்றார். பிரபாகர் சரிங்க என்றான். ஆறு வருஷம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து தன் துண்டையும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

பொறாமை என்பது வேறு வேலை இல்லாமல் இருந்தால்தான் வரும் என்று நினைக்கிறோம். அவனுக்கு வேலைக்கு நடுவிலேயே வந்தது. அவள் மவுஸைப் பிடிக்கிற விதம் பிடிக்கவில்லை. விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவது பிடிக்கவில்லை. பட்டறையிலிருந்து போன் வந்தால், முன்பு பிரபாகர் சார் இருக்காருங்களா என்று கேட்டவர்கள் இப்போது சுதா மேடத்தைக் கேட்டார்கள். அவளுடைய போல்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான், மரையில்லாமல் மொழுக்கென்று இருந்தது. மொட்டைப் போல்ட், மொட்டைத் தொட்டி, இதற்குப் பேர் டிசைனா என்று மனசுக்குள் வைதான். ஆனால் அந்த மொட்டைப் படத்தில் தானே வேலை செய்யும்போது கை பறந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிந்தது. முடிந்ததற்காகவும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

வீட்டிலும் விடவில்லை. ஒரு சாயங்காலம் அவன் மனைவி கலா, சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னாள். "உங்களப் பத்தித்தானுங்க நொம்ப நேரம் பேசிச்சு. அண்ணன் போட்ட படத்துல ஒரு அளவுகூடத் தப்பில்ல, நான் தூசி தட்டுனதோட சரின்னு சொல்லுச்சு. நல்ல புள்ளைங்க" என்றாள். தூசியாம். ஆயிரத்து இருநூறு பழமும் அவளுக்குத் தூசி. பிரபாகர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். உப்புக் கூடிவிட்டதா என்று கலா தன் பங்குக்குக் கவலைப்பட்டாள்.

நவம்பரில் தலைச்சோலை வேலை முடிகிற கட்டத்துக்கு வந்தது. அது எஸ்டேட் வேலை இல்லை. தலைச்சோலையிலும் சுற்றிலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் என்று காப்பி வைத்திருக்கிற நாற்பது குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து சொந்தமாக எந்திரம் வைக்கிறார்கள். குழுவுக்குத் தலைவி கண்ணாயி. பிரபாகருக்கு அத்தை முறை. இத்தனை காலமும் பறித்த பழத்தை எஸ்டேட் வாசலில் கொண்டுபோய், அவர்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு என்று காத்துக் கிடந்தவர்கள். காப்பிப் பழம் காத்திருக்காது. பறித்த அன்றைக்கே தோல் உரியவேண்டும். மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அதனால்தான் சொந்த எந்திரம். அதைத் தன் சொந்தக்காரனே போட்டுத் தருகிறான் என்று கண்ணாயி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

எந்திரம் பெரும்பாலும் எழுந்துவிட்டது. தோலுரிக்கிற உருளைப் பகுதி ஒன்றுதான் பாக்கி, கடைசி லோடு. கலாவின் அண்ணன் அங்கப்பன்தான் அங்கே எந்திரம் பூட்டுகிற பிட்டர். புதன்கிழமை விடியற்காலை லாரி வந்துவிட்டால் அரை நாளில் உருளையை ஏற்றிவிடுவேன், சாயங்காலம் ஓட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தான். அதை நம்பிக் குழு புதன்கிழமை முதல் பறிப்பு என்று நாள் குறித்தது.

அதற்கு முந்தின வாரத் திங்கட்கிழமை மத்தியானம், சுதாராணி அந்த லோடுக்கான பார்ட்ஸ் லிஸ்டை பிரிண்டருக்கு அனுப்பினாள். அவள் இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள், அண்ணா ஒருக்கா பாத்துடறீங்களா என்று. பிரபாகர் பதில் சொல்வதற்குள் சின்னசாமி குறுக்கிட்டார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானே எடுத்துக் கொடுக்கிற லிஸ்ட்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது, பட்டறையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அனுப்பு என்றார். அவள் மெயிலில் அனுப்பிவிட்டாள். பிறகு இருவரும் அடுத்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

ஆபீசில் பிரபாகர் மட்டும் இருந்தான். பிரிண்டரில் தாள் கிடந்தது. எடுத்தான்.

பதினாலாம் தாள், உருளைப் பகுதி. வரிசை நாற்பத்தொன்றோடு முடிந்திருந்தது. அந்தத் தாளில் அறுபத்தெட்டு வரிசை வரவேண்டும். அவனுக்கு அது மனப்பாடம், எத்தனை தடவை டீக்கடையில் படித்திருப்பான். போல்ட் இல்லை. வாஷர் இல்லை. உருளையைத் தண்டோடு பூட்டுகிற ஊசிகள் இல்லை, தண்டைச் சுற்றி உட்காருகிற புஷ் இல்லை. அவை கடையில் வாங்குகிற சாமான்கூட இல்லை, பட்டறையில் கடைந்தாகவேண்டியவை. என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்ற எல்லாத் தாளிலும் லிஸ்டை முழுசுக்கு மாற்றியவள் பதினாலாம் தாளில் மட்டும் மறந்துவிட்டாள். லிஸ்ட் லேசைப் பார்த்து எண்ணியிருக்கிறது. தூங்குகிற உறுப்பை அது எண்ணாது.

இருபத்தேழு வரிசை. இன்னொரு தடவை எண்ணினான். இருபத்தேழு.

அந்த நிமிடத்தில் அவனுக்கு ஏற்பட்டது கவலை இல்லை. சந்தோஷம். இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு இறங்கின மாதிரி ஒரு சந்தோஷம். பட்டறைக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. கையை நீட்டினால் போன். பார்க்க என்ன இருக்கிறது என்று சொன்னார்கள் அல்லவா, நாம் எதற்குப் பார்க்கவேண்டும்? பட்டறையில் இருப்பவர்களுக்குக் கண் இல்லையா, போல்ட் இல்லாத உருளையைப் பார்த்தால் அவர்களே கேட்கமாட்டார்களா? லாரிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், மானம் மட்டும் கொஞ்சம் போகும், போகட்டும். இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். தாளை நாலாக மடித்துத் தன் மேஜை இழுப்பறையில், பழைய டிராயிங்குகளுக்கு அடியில் வைத்தான். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து அளவு போட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளும் யாரும் சொல்லவில்லை. பட்டறையில் லிஸ்டில் உள்ளதைச் செய்வார்கள், இல்லாததைக் கேட்கமாட்டார்கள். கேட்கவேண்டிய தேவையே ஆறு வருஷமாக அவர்களுக்கு வந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று பிரபாகர் எழுந்தான். அந்த நேரம் பார்த்துச் சின்னசாமி அவள் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதற்கோ சிரித்தார். அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அங்கப்பனிடமிருந்து போன் வந்தது. சின்னசாமி, சுதாராணி, பிரபாகர் மூன்று பேரும் ஜீப்பில் போனார்கள். வழியெல்லாம் சுதாராணி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகத் தேடிக்கொண்டே வந்தாள். தலைச்சோலை வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள். மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. முன்சீட்டுக் கண்ணாடியில் பிரபாகர் அதைப் பார்த்தான். இதற்காகத்தானே காத்திருந்தான். ஆனாலும் பார்க்க முடியாமல் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எந்திரக் கொட்டகை வாசலில் உருளை மரச்சட்டத்தின்மேல் கிடந்தது, பூட்ட ஒன்றும் இல்லாமல். விடியற்காலையிலிருந்து பறித்த பழம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளை அணைத்து வைத்திருந்த இடத்தில் கை வைத்தால் சூடு தெரிந்தது. வானம் மூடிக் கிடந்தது, எந்த நேரமும் மழை வரும். அறுபது எழுபது பேர் நின்றார்கள். பாதிப்பேர் பிரபாகரின் உறவு.

பட்டறையில் ஊசியும் புஷ்ஷும் கடைந்து வர எத்தனை நாள் ஆகும் என்று கண்ணாயி கேட்டாள். இரண்டு நாள் என்றார் சின்னசாமி. கண்ணாயி மூட்டைகளைப் பார்த்தாள்.

அங்கப்பன்தான் பொங்கினான். கீழிருந்து நேற்று வந்தவர்களிடம் படத்தைக் கொடுத்தால் இப்படித்தான், எங்கள் மாப்பிள்ளை கையில் இருந்தவரை ஒரு ஆணி குறைந்ததுண்டா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். கூட்டத்திலும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சின்னசாமி பிரபாகரின் தோளில் கை வைத்தார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார், தப்பு என்மேல்தான், நாளையிலிருந்து பெரிய கம்ப்யூட்டரில் நீங்கதான், உங்கள் கண்ணில் படாமல் ஒரு தாளும் பட்டறைக்குப் போகாது என்று.

இரண்டு மாதமாக அவன் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி இதுதான். அவர் சொன்ன வார்த்தைகூட ஏறக்குறைய அதேதான். எல்லாம் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் நின்றாலே போதும்.

சுதாராணி முன்னால் வந்தாள். கண்ணாயியைப் பார்த்துப் பேசினாள்.

"தப்பு என்மேலதானுங்கம்மா. ஒரு தாள்ல மாத்த மறந்துட்டேன். அண்ணன்கிட்ட காட்டாம அனுப்புனதும் நாந்தான். அவரு ஒருக்கா பாத்திருந்தா இத விட்டிருக்கவே மாட்டாருங்க."

அவள் நடிக்கவில்லை. பிரபாகரைக் காப்பாற்றவும் நினைக்கவில்லை. அவளுக்கு அது உண்மை. உறவு என்று இல்லாமல் அவனைப் பற்றி அப்படி நினைக்கிற ஆள் இவள் ஒருத்திதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"பாத்தேன்" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. இப்போது உருளையைப் பார்த்ததைச் சொல்கிறான் என்று சின்னசாமி நினைத்துக்கொண்டு, என்ன செய்யலாம் என்றார்.

"போன திங்கக்கெழமைக்கு முந்துன திங்கக்கெழம மத்தியானம் பாத்தனுங்க. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தீங்க. இருபத்தேழு வரிசை இல்ல. எண்ணிப் பாத்தேன். தாளு என்ற மேச டிராயர்ல இருக்குது."

சின்னசாமியின் கை தோளிலிருந்து இறங்கியது. ஒருவேளை சொல்ல மறந்துவிட்டானோ என்று அவர் ஒரு வழி எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். பிரபாகர் இல்லை என்று தலையாட்டினான்.

"பொறாமைங்க" என்றான். "இந்தப் புள்ள நல்லாச் செய்யுதுன்னு பொறாம."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். ஒன்றும் இறங்கவில்லை. சுதாராணி அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான், அவள் கோபப்படவும் இல்லை. யாரென்று தெரியாத ஒருவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்துகொண்டு ஜீப்பின் பக்கம் போய்ப் பட்டறைக்குப் போன் செய்தாள். இருபத்தேழு வரிசையையும் உரக்க, ஒவ்வொன்றாக, எண்ணிக்கையோடு படித்தாள்.

கண்ணாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூட்டையோடு கிடந்தால் எல்லாம் போய்விடும், கொட்டகைக்குள் பரப்புவோம், தேறுகிறது தேறட்டும் என்றாள். ஆட்கள் ஆளுக்கொரு மூட்டையாகப் பிரித்துச் சிமெண்டுத் தரையில் கொட்ட ஆரம்பித்தார்கள். புளிப்பு வாடை இப்போதே வந்துவிட்டது. பிரபாகரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மூட்டையின் வாயைப் பிடித்தான்.

கண்ணாயி வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை, குரலும் எப்போதும்போலத்தான் இருந்தது.

"நீ வுடு சாமி. எங்க பழத்த நாங்களே அள்ளிக்கறோம்" என்றாள்.

அவன் விட்டுவிட்டான். எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் கொட்டகைக்கு வெளியே போய் நின்றான். மழை தொடங்கியது. உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.